இது யார் வாய்ச் சொல்? சீன சமூக அறிவியலை ஆங்கிலமாக்கும்போது

கேள்வி சுருக்கமாக இது: சீனம் படிக்க வரும், ஆங்கிலத்தில் எழுத வரும், சமூகவியலும் ஓரளவு தெரியும். ஆனாலும் ஒரு சீன ஆய்விதழ்க் கட்டுரையை ஆங்கிலமாக்கினால் அது அரசு அறிக்கை போல ஒலிக்கிறது, வாதம் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. என்ன செய்வது?

பெரும்பாலும் குறை மொழித் திறமையில் இல்லை. எல்லாச் சொற்களையும் ஒரே முறையில் பெயர்ப்பதில்தான் இருக்கிறது. சீன சமூக அறிவியல் கட்டுரையின் ஒரு பத்தியிலேயே பல குரல்கள் கலந்திருக்கும். சட்டமும் நிர்வாகமும் வரையறுத்த சொல் ஒன்று. கம்யூனிஸ்ட் கட்சி ஆவணத்திலிருந்து வந்த வாய்பாடு ஒன்று. ஆய்வாளர் தாமே உருவாக்கிய கருத்தாக்கம் ஒன்று. மேலை நாட்டுக் கோட்பாட்டிலிருந்து சீனத்துக்குப் போய் இப்போது திரும்பி வரும் சொல் இன்னொன்று. நேர்காணல் இருந்தால் ஊர்க்காரர்களின் பேச்சும் சேரும். பார்வைக்கு எல்லாம் ஒரே சீன எழுத்துகள்தான். ஆகவே முக்கியமான எந்தச் சொல்லைத் தொடும்போதும் முதலில் ‘இது யார் வாய்ச் சொல்?’ என்று கேளுங்கள். பெயர்க்கும் வழி அந்தப் பதிலிலிருந்துதான் வரும்.

நிர்வாகச் சொற்களில் தொடங்கலாம். தவறினால் கட்டுரையின் எண்களே பொய்யாகும் இடம் அது. 1990களின் பிற்பகுதியில் அரசு நிறுவனங்களிலிருந்து பெருந்திரளாகத் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டபோது ‘ஷியாகாங்’ என்ற நிலை புழக்கத்துக்கு வந்தது. அப்படி வெளியேறியவருக்கு வேலை இல்லை. ஆனால் நிறுவனத்தோடு உறவு முற்றிலும் அறுந்துவிடவில்லை. 1998ல் அமைக்கப்பட்ட மறுவேலைச் சேவை மையங்களில் அவர் மூன்று ஆண்டு வரை இருந்து உதவித்தொகை பெற முடிந்தது. பதிவு செய்யப்பட்ட வேலையற்றோர் கணக்கில் அவர் வரவில்லை. இதை ‘அன்எம்ப்ளாய்டு’ என்று பெயர்த்தால், அதே கட்டுரையின் அட்டவணையில் வேலையின்மை விகிதம் ஏன் அவ்வளவு குறைவாக இருக்கிறது என்று வாசகர் குழம்புவார். ‘லெய்ட் ஆஃப்’ என்று எழுதி, முதல் முறை வருமிடத்தில் இந்த இடைநிலையை ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடுவதே சரி.

‘கெதீஹு’வும் இப்படித்தான். சிறு தொழில், தனிநபர் வணிகம் என்றெல்லாம் எழுதத் தோன்றும். ஆனால் 1988ன் விதிமுறைப்படி எட்டு பேர் அல்லது அதற்கு மேல் கூலிக்கு வைத்திருந்தால் அது தனியார் நிறுவனமாகக் கருதப்பட்டது. அதற்குக் கீழே இருந்தால்தான் கெதீஹு. கட்டுரை இரண்டையும் தனித்தனி வரிசைகளில் எண்ணியிருக்கும்போது இரண்டுக்கும் ‘பிரைவேட் பிசினஸ்’ என்று போட்டால் அட்டவணையே அர்த்தமிழக்கும். ஊரக நிறுவனங்களுக்கும் 1984 ஒரு எல்லைக்கோடு. அதற்கு முன் அவை கம்யூன், உற்பத்திப் படைப்பிரிவு நிறுவனங்கள். அதற்குப் பின் ‘டவுன்ஷிப் அண்ட் வில்லேஜ் என்டர்பிரைஸ்’. 1979ஐப் பற்றிய பத்தியில் பிந்திய பெயரைப் போடுவது காலப்பிழை.

‘நோங்மின்’ என்ற சொல்லுக்கு ‘பெசன்ட்’டா ‘ஃபார்மர்’ஆ என்ற விவாதம் முடிவதே இல்லை. பத்திக்குப் பத்தி முடிவெடுத்தால் போதும் என்பது என் கருத்து. நிலச்சீர்திருத்தக் காலத்து ஏழை, நடுத்தர, பணக்கார நோங்மின் என்ற பிரிவுகள் அரசு ஒட்டிய வர்க்க முத்திரைகள். பிள்ளைகளுக்கும் அவை தொடர்ந்தன. நிலவுடைமையாளர், பணக்கார நோங்மின் முத்திரைகளைக் களையும் முடிவு 1979ல்தான் வந்தது. அங்கே ‘பூவர் பெசன்ட்’ என்ற நிலைபெற்ற ஆங்கிலம்தான் வர வேண்டும். ‘பூவர் ஃபார்மர்’ என்றால் கையில் காசில்லாத உழவர் என்றாகி, முத்திரை மறைந்துபோகும். 2010களின் வேளாண் பொருளாதாரக் கட்டுரையில் ‘ஃபார்மர்’ பொருந்தும். குடியிருப்புப் பதிவான ‘ஹுகோ’வைப் பற்றிய கட்டுரையில் இரண்டுமே பொருந்தாது. அங்கே நோங்மின் என்பது தொழிலல்ல, பதிவேட்டில் உள்ள தகுதி. ‘ரூரல் ஹுகோ ஹோல்டர்’ என்று எழுதுங்கள். நகரத்துக்குப் போய் வேலை செய்யும் ‘நோங்மின்கோங்’ வயலில் கால்வைக்காதவராகவும் இருக்கலாம், ஆகவே ‘ரூரல் மைக்ரன்ட் ஒர்க்கர்’.

இடப்பெயர் அலகுகளில் ‘ஷி’ பெரிய பொறி. அகராதி ‘நகரம்’ என்கிறது. நிர்வாகத்தில் ஒரு மாவட்ட அளவிலான ஷிக்குள் பல கவுண்டிகளும் வயல்களும் மலைகளும் அடங்கும். மாகாண அளவிலான சோங்சிங் ஷியின் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 3.2 கோடி. அதை ‘உலகின் மிகப்பெரிய நகரம்’ என்று எழுதுகிறவர்கள் ஒரு நிர்வாக எல்லையை நகரம் என்று எடுத்துக்கொண்டவர்கள். மாகாணம், மாவட்ட நிலை நகரம், கவுண்டி, டவுன் அல்லது டவுன்ஷிப், கிராமம் என்ற ஏணியைக் கட்டுரை தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘செங்ஜென்ஹுவா’, ‘செங்ஷிஹுவா’ இரண்டையும் ‘அர்பனைசேஷன்’ என்றே போடுவது வழக்கம். ஆனால் முன்னதில் சிறு ஊர்களான ‘ஜென்’ வெளிப்படையாகச் சேர்ந்திருக்கின்றன. ஆசிரியர் இரண்டையும் எதிரெதிரே வைத்து வாதிட்டால் வேறுபாடு ஆங்கிலத்திலும் தெரிந்தாக வேண்டும்.

அடுத்து கட்சி, அரசு வாய்பாடுகள். இவற்றுக்குப் பெரும்பாலும் பெய்ஜிங்கே வெளியிட்ட அதிகாரபூர்வ ஆங்கிலம் உண்டு. 2000ல் வந்த ‘த்ரீ ரெப்ரசென்ட்ஸ்’ என்ற கட்சிக் கோட்பாட்டின் பெயர் ஆங்கிலத்துக்கே விநோதமாக ஒலிக்கும், வினைச்சொல் பெயர்ச்சொல்லாக நிற்கும். ஆனாலும் அதைத்தான் பயன்படுத்த வேண்டும், ஏனென்றால் வாசகர் அந்தப் பெயரை வைத்துத்தான் தேடுவார். அழகாகத் திருத்தினால் தடம் அறுந்துவிடும். அதிகாரபூர்வ ஆங்கிலம் காலப்போக்கில் மாறும் என்பதையும் பார்க்க வேண்டும். ‘மனிதகுலத்தின் விதிச் சமூகம்’ என்ற பொருள்படும் சொற்றொடர் முதலில் ‘கம்யூனிட்டி ஆஃப் காமன் டெஸ்டினி’ ஆக இருந்து, பிறகு ‘கம்யூனிட்டி வித் எ ஷேர்ட் ஃப்யூச்சர்’ ஆனது. சீன மூலத்தில் மாற்றம் ஏதுமில்லை. கட்சியின் ‘ஷுவான்சுவான்’ துறையும் 1990களின் இறுதியில் ஆங்கிலப் பெயரில் ‘பிராப்பகண்டா’வை விட்டு ‘பப்ளிசிட்டி’க்கு மாறியது. சீனப் பெயர் அப்படியே இருந்தது. பெய்ஜிங்கின் தேசிய இனங்கள் பல்கலைக்கழகம் 2008ல் ‘நேஷனாலிட்டீஸ்’ என்ற சொல்லைக் கைவிட்டு ‘மின்சூ யூனிவர்சிட்டி’ என்றே தன்னை அழைத்துக்கொண்டது. நிறுவனப் பெயர் என்றால் அந்தந்தக் காலத்தில் அவர்களே வைத்துக்கொண்ட பெயர். ஆய்வாளரின் பகுப்பாய்வில் வரும் பொதுச்சொல் என்றால் நீங்கள் தேர்ந்தெடுப்பது. ஷுவான்சுவான் ஒரு தடுப்பூசி விழிப்புணர்வுச் சுவரொட்டியையும் குறிக்கும், அரசியல் பரப்புரையையும் குறிக்கும். இரண்டிடத்திலும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் போட்டால் ஏதோ ஓரிடத்தில் நீங்கள் ஆசிரியரின் கருத்தையே மாற்றியிருப்பீர்கள்.

முரண்பாடு என்ற பொருள்படும் ‘மாவ்துன்’ இதற்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. 1957ல் மாவோ மக்களிடையே உள்ள மாவ்துன்களைப் பற்றிப் பேசினார். 2017ன் கட்சி மாநாடு சமூகத்தின் முதன்மை மாவ்துன் மாறிவிட்டதென அறிவித்தது. இரண்டுக்கும் மார்க்சியச் சொல்லான ‘கான்ட்ரடிக்‌ஷன்’ கட்டாயம். அதே ஆய்வாளர் அடுத்த பக்கத்தில் மாமியார் மருமகள் மாவ்துன் என்று எழுதினால் அது வெறும் சண்டை, மனக்கசப்பு, ‘கான்ஃப்ளிக்ட்’. இயந்திர மொழிபெயர்ப்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்கும். சூத்திரத்தை ‘டென்ஷன்’ என்று நெகிழ்த்தும், மாமியார் சண்டையை இயங்கியல் ஆக்கும்.

‘விடுதலைக்கு முன்’ (1949ல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வருவதற்கு முன்) என்பது போன்ற சொற்றொடர்களிலும் அதே கேள்விதான். ஒரு மூதாட்டி நேர்காணலில் சொன்னால் அப்படியே ‘பிஃபோர் லிபரேஷன்’. ஆய்வாளர் வெறும் காலக்குறிப்பாக எழுதியிருந்தால் ‘பிஃபோர் 1949’ போதும். ஆனால் கூர்மையை மழுக்கவும் கூடாது, ஏற்றவும் கூடாது. ஆசிரியர் கவனமாகச் சுற்றி வளைத்து எழுதிய ஒன்றை நேரடி விமர்சனமாக ஆக்குவது மொழிபெயர்ப்பாளரின் வேலையல்ல. அதனால் பாதிக்கப்படுகிறவர் அவர்தான்.

மூன்றாவது வகை, ஆய்வாளரே படைத்த கருத்தாக்கம். சீனச் சமூகவியலாளர் ஃபெய் ஷியாவ்தோங் 1940களின் பிற்பகுதியில் எழுதிய ‘சாஷூ கெஜூ’ இதன் உச்சம். ஒருவரை மையமாக வைத்து, அவரவர் உறவு நெருக்கத்துக்கேற்பக் கடமைகள் கூடிக் குறையும் சமூக அமைப்பு என்பது அதன் சாரம். 1992ல் கேரி ஹாமில்டனும் வாங் ஜெங்கும் இக்கருத்தாக்கம் வரும் அவர் நூலை ஆங்கிலமாக்கியபோது ‘டிஃபரென்ஷியல் மோட் ஆஃப் அசோசியேஷன்’ என்று வைத்தார்கள். அது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், ‘கெஜூ’ என்பதில் உள்ள அமைப்புப் பொருள் ‘மோட்’ இல் குறைகிறது என்று வாதிடலாம். ஆனாலும் முதல் முறை அதைக் குறிப்பிட்டாக வேண்டும். மாற்றுவதானால் ஏன் என்று ஓர் அடிக்குறிப்பு. ஒரே கருத்தாக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஆறு பெயர் முளைத்தால், ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்கு அவை ஆறு கருத்தாக்கங்கள். சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக் கூசாதீர்கள். பள்ளியில் கற்றுத்தரும் ‘வேறு சொல் போடு’ என்ற நடை விதி இங்கே செல்லாது. ஆசிரியர் இருபது முறை ஒரே சொல்லை எழுதியிருந்தால் இருபது முறையும் ஒரே ஆங்கிலம்.

நான்காவது வகைக்கு வருவோம். இதுதான் கடினமானது, ஆனால் சுவையானதும்கூட. சீன சமூக அறிவியலின் கணிசமான சொற்கள் ஒரு காலத்தில் ஆங்கிலத்திலிருந்து போனவை. அவை போன உருவிலேயே திரும்புவதில்லை.

‘ஷெச்சூ’வை எடுங்கள். சிகாகோவின் சமூகவியலாளர் ராபர்ட் பார்க் 1932ல் பெய்ஜிங்கின் யென்சிங் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். அவர் எழுத்தைச் சீனமாக்க முயன்ற மாணவர்கள், சொசைட்டி, கம்யூனிட்டி இரண்டுக்கும் ஒரே சீனச் சொல் வந்து முட்டியதால், பின்னதற்காக உருவாக்கிய சொல் ஷெச்சூ. இன்றைய நகராட்சி ஆவணங்களிலோ அது எல்லை வரைந்த ஒரு நிர்வாக அலகு. குடியிருப்போர் குழு, அலுவலகம், பணியாளர் எல்லாம் உண்டு. 1930களின் கள ஆய்வில் ஷெச்சூ என்றால் ‘கம்யூனிட்டி’. 2015ன் நகர ஆளுகைக் கட்டுரையில் வெறும் ‘கம்யூனிட்டி’ என்றால் ஆங்கில வாசகர் தாமாகச் சேர்ந்த அக்கம்பக்கத்தாரைக் கற்பனை செய்வார். ‘ரெசிடென்ஷியல் கம்யூனிட்டி’ என்று தொடங்கி, அது அரசு வரைந்த அலகு என்று முதல் தடவையே சொல்லிவிடுங்கள்.

‘நெய்ஜுவான்’ இன்னும் வளைந்து வந்த சொல். மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1963ல் ஜாவாவின் நெல் வேளாண்மையைப் பற்றிப் பேசியது ‘இன்வொலூஷன்’. வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஹுவாங் 1985ல் அதை வட சீன வேளாண்மைக்கு எடுத்தார்: உழைப்பைக் கொட்டக் கொட்ட மொத்த விளைச்சல் கூடும், ஒரு ஆளின் கூடுதல் உழைப்புக்குக் கிடைப்பது குறையும். பின்னர் யாங்சி கழிமுகம் பற்றிய சீன நூலில் அவரே ‘குவோமி’ என்ற வேறு சொல்லுக்கு மாறினார். வரலாற்றாசிரியர் பிரசன்ஜித் துவாரா 1988ல் அதே ‘இன்வொலூஷன்’ஐ அரசு விரிவாக்கத்துக்குப் பயன்படுத்தினார்: அரசு வரி அதிகம் தண்டும், ஆனால் ஊரிலுள்ள இடைத்தரகர்கள் மேல் அதன் பிடி இறுகாது. 2020 வாக்கில் அதே நெய்ஜுவான் இணையத்தில் மாணவர்களும் அலுவலக ஊழியர்களும் சலிப்போடு சொல்லும் சொல்லானது. அர்த்தமற்ற போட்டி, யாரும் முன்னேறாத ஓட்டம் என்ற பொருளில். ஒரே சீனச் சொல், குறைந்தது நான்கு பயன்பாடு. வேளாண் வரலாற்றுக் கட்டுரையில் வந்தால் ‘இன்வொலூஷன்’, யாருடைய பொருளில் என்பதையும் தொட்டுக் காட்டுங்கள். இளைஞர் பண்பாட்டுக் கட்டுரையில் வந்தால் பின்யின் உருவையே, அதாவது சீன ஒலியை ரோமன் எழுத்தில் எழுதும் உருவையே, வைத்து விளக்குவது மேல். அங்கே ‘இன்வொலூஷன்’ என்று மட்டும் போட்டால் கீர்ட்ஸைத் தேடிப் போவார்கள்.

மேற்கோள்களிலும் இதே வட்டப் பயணம் நடக்கிறது. சீனக் கட்டுரை வெபரையோ ஹாபர்மாஸையோ சீன மொழிபெயர்ப்பிலிருந்து மேற்கோள் காட்டியிருந்தால், அதை நீங்கள் ஆங்கிலத்துக்கு மறுபடி பெயர்க்கக்கூடாது. வெளிவந்த ஆங்கிலப் பதிப்பைத் தேடி, அந்த வரியைக் கண்டெடுத்து, பக்க எண்ணோடு போட வேண்டும். துவாராவின் ‘கல்ச்சுரல் நெக்ஸஸ் ஆஃப் பவர்’ சீனத்தில் ‘அதிகாரத்தின் பண்பாட்டு வலையமைப்பு’ என்று நிலைத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு பெயர்த்தால் ‘நெட்வொர்க்’ ஆகி, அவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் போட்டுவிடுவீர்கள். ஃபெய்யின் கைஷியான்கோங் கிராம ஆய்வு 1939ல் முதலில் ஆங்கிலத்தில்தான் வந்தது, மாலினோவ்ஸ்கியின் முன்னுரையோடு. சீனப் பதிப்பு 1986ல். சீனக் கட்டுரைகள் சீனப் பதிப்பையே சுட்டும். நீங்கள் 1939க்குப் போக வேண்டும்.

மார்க்ஸ், எங்கெல்ஸ் மேற்கோளில் தொகுதி எண்ணை நம்பிப் பயனில்லை. சீன முழுத்தொகுப்பின் முதல் பதிப்பு ரஷ்யப் பதிப்பைப் பின்பற்றியது, ஆங்கிலத் தொகுப்போடு தொகுதிகள் ஒத்துவராது. எந்த நூல், எந்த இயல் என்று கண்டுபிடித்துத் தேடுங்கள். மாவோ விஷயத்தில் இன்னொரு சிக்கல்: தேர்ந்தெடுத்த படைப்புகளில் உள்ள பாடம் 1949க்குப் பிறகு திருத்தப்பட்டது. வரலாற்றுக் கட்டுரை 1927ன் மூலப் பாடத்தை மேற்கோள் காட்டியிருந்தால், தேர்ந்தெடுத்த படைப்புகளின் ஆங்கிலத்தை அங்கே ஒட்டினால் தவறு. மேற்கோள் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால் மேற்கோள் குறியை எடுத்துவிட்டுச் சாரமாக எழுதுங்கள், ஆசிரியரின் ஒப்புதலோடு.

பெயர்கள் தனித் தலைவலி. மேலை நாட்டுச் சீனவியலாளர்கள் பலருக்குச் சீனப் பெயர் உண்டு, ஒலியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஃபெய் ஜெங்சிங் என்றால் ஜான் ஃபேர்பேங்க். கோங் ஃபெய்லி, ஃபிலிப் கூன். ஷி ஜிங்ச்சியான், ஜோனதன் ஸ்பென்ஸ். பெய் யீலி, எலிசபெத் பெரி. ஷி ஜியான்யா, வில்லியம் ஸ்கின்னர். து சான்ச்சி என்பவர் அஸ்ஸாமில் பிறந்த துவாராதான். எதிர்த்திசையில் நடந்த பிழைகள் சீனாவில் பழமொழி ஆகிவிட்டன: ஆந்தனி கிடென்ஸ் நூலின் சீனப் பெயர்ப்பில் பண்டைச் சீனச் சிந்தனையாளர் மெங்ஸி, அதாவது மென்ஷியஸ், ‘மென்ஷியூஸி’ என்ற அறியாத அயலாராக நின்றார். சியாங் கை ஷேக் ஒரு வரலாற்று நூலில் ‘சாங் கைஷென்’ ஆனது 2009ல் அம்பலமானது. குறிப்புப் பட்டியலில் அந்நியமாகத் தெரியும் எந்தப் பெயரையும் நூலின் தலைப்பு, ஆண்டு, பதிப்பகம் வைத்துச் சரிபார்த்த பிறகே எழுதுங்கள். தாய்வான், ஹாங்காங் ஆசிரியர்களுக்கு அவர்கள் தாங்களே எழுதும் ஆங்கில உரு. பின்யினில் மாற்றினால் நூலகத்தில் அவர் வேறொருவர்.

இனி வாக்கியம். நமக்கு ஒரு சாதகம் இருக்கிறது: சீனத்தில் பெயருக்கு முன் அடுக்கடுக்காக அடைகள் வருவது நம் பெயரெச்ச அடுக்கைப் போன்றதே, படிக்கத் திணறமாட்டோம். பாதகமும் உண்டு. தமிழில் எழுவாய் இல்லாவிட்டாலும் வினைமுற்றின் விகுதி யாரென்று சொல்லிவிடும். சீன வினை எதுவும் சொல்லாது. ‘ஆய்வை வலுப்படுத்த வேண்டும்’ என்றால் யார்? அரசா, ஆய்வாளர்களா, ஆசிரியரா? ஆங்கிலத்தில் செயப்பாட்டில் ஒளிந்துகொள்வது எளிது. அப்படி ஒளிவதால்தான் கட்டுரை அரசு அறிக்கையாகிறது. முந்தைய இரண்டு பத்திகளைப் பார்த்து எழுவாயைக் கண்டுபிடியுங்கள். ஆசிரியரே வேண்டுமென்று மறைத்திருந்தால் மட்டும் மறைத்து வையுங்கள்.

சீனக் காற்புள்ளி முற்றுப்புள்ளியின் வேலையையும் செய்யும். இப்படி ஒரு வாக்கியம் வரும் என்று வையுங்கள்: ‘சந்தைச் சீர்திருத்தம் ஆழமாவதோடு, தான்வெய் (பணியிட அலகு) அமைப்பு மெல்லச் சிதைந்தது, தொழிலாளர் பழைய நலன்களை இழந்தனர், புதிய காப்பீடு இன்னும் நிலைபெறவில்லை, நகர வறுமை கூர்மையானது.’ இணைப்புச் சொல் ஒன்றுமில்லை. முதலில் முடிபு எது என்று பாருங்கள்: நகர வறுமை. நடுவில் உள்ள இரண்டும், இழப்பும் நிலைபெறாமையும், சேர்ந்துதான் காரணம். முதலிரண்டு பின்னணி. ஆகவே ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம்: பின்னணி ஒன்று, காரணமும் முடிபும் ஒன்று. அந்த ‘ஆழமாவதோடு’ என்பது ‘சுய்ஜ’ என்ற சொல். காலத்தையும் சுட்டும், காரணத்தையும் சுட்டும், இரண்டுக்கும் நடுவே நழுவும். அதை ‘பிகாஸ்’ என்று எழுதினால் ஆசிரியர் நிறுவாத காரணகாரியத்தை நிறுவிவிட்டீர்கள். எப்போதும் ‘வித் தி டீப்பனிங் ஆஃப்’ என்று எழுதினால் பத்தி தூங்கிவிடும். தரவு காரணத்தைக் காட்டினால் காரணம், இல்லையேல் ‘ஆஸ்’ அல்லது ‘வைல்’.

பன்மையும் சுட்டும் இல்லாமை இன்னும் நுட்பமானது. ‘கிராம அலுவலர் லஞ்சம் வாங்குகிறார்’ என்ற அளவில் சீனம் நிற்கும். ‘வில்லேஜ் காடர்ஸ்’ என்றால் பொதுமைப்படுத்தல், ‘தி வில்லேஜ் காடர்ஸ்’ என்றால் ஆய்வு செய்த ஊரின் அலுவலர்கள், ‘சம்’ சேர்த்தால் மேலும் குறுகும். மாதிரியில் எத்தனை கிராமம் என்று முறையியல் பகுதிக்குப் போய்ப் பார்த்து முடிவெடுங்கள். ‘தற்போது’ என்று வருமிடத்தில் கட்டுரை எழுதிய ஆண்டை முதல் குறிப்பில் தெரிவித்து, ஆசிரியரின் நிகழ்காலத்தை அப்படியே வையுங்கள்.

சிறு சொற்கள் சில, வேகமாக. ‘வோ குவோ’, நம் நாடு, ‘சைனா’ ஆகட்டும். ‘குவோநெய்’ உள்நாட்டில், அதாவது சீனாவில். தாய்வான் ஆசிரியரானால் வேறு. ‘பிஜ’, இக்கட்டுரையாளர், ‘ஐ’. ‘ஸுவோவெய்’க்கு ‘சோ கால்டு’ என்றால் ஏளனமாகிவிடும், பெரும்பாலும் அது ‘எனப்படும்’ மட்டுமே. சீன மேற்கோள் குறியும் அப்படி. கலைச்சொல்லைச் சுற்றி அது சாதாரணமாக வரும், ஆங்கிலத்திலோ கிண்டலாகப் படும், ஆகவே முதல் முறைக்குப் பின் எடுத்துவிடுங்கள். ‘தெங்’ எப்போதும் ‘முதலியன’ அல்ல. மூன்று நகரங்களைச் சொல்லி ‘தெங் மூன்று நகரங்கள்’ என்றால் பட்டியல் அங்கே முடிகிறது, ‘எட்செட்ரா’ போட்டால் பிழை. ‘ஆய்வை மேற்கொள்ளுதல்’, ‘சிக்கல்’, ‘நிலைமை’, ‘பணி’ என்று பெயர்களின் வாலாகத் தொங்குபவற்றை வெட்டலாம். ஒரே பொருளில் இரட்டையாக வரும் நான்கெழுத்துத் தொடர்களில் ஒன்று போதும். ஆனால் அது ஆய்வுக்கு எடுத்த அரசு முழக்கம் என்றால் வெட்டாதீர்கள், அங்கே மிகைதான் தரவு. ‘ஓரளவுக்கு’ என்று வரும் தயக்கச் சொற்களையும் வெட்டாதீர்கள்.

எண்களுக்கு மட்டும் தனியே ஒரு முறை கட்டுரையைப் படிக்க வேண்டும், வேறெதையும் பார்க்காமல். ‘வான்’ பத்தாயிரம், ‘யி’ பத்துக் கோடி. லட்சம், கோடியில் பழகியவருக்கு இது எளிது: 10 வான் 1 லட்சம், வான் யி சரியாக லட்சம் கோடி, ஆங்கிலத்தில் ஒரு ‘டிரில்லியன்’. 1.4 யி என்றால் 140 மில்லியன், 1.4 பில்லியன் அல்ல. பூஜ்யம் நழுவும் இடம் இதுதான். ‘ஃபான் லியாங் ஃபான்’ இரண்டு மடங்கல்ல, இரண்டு முறை இரட்டித்தல், ஆக நான்கு மடங்கு. 1980 முதல் 2000க்குள் எட்ட வேண்டும் என்று 1982ல் வைத்த உற்பத்தி இலக்கு அப்படித்தான் சொல்லப்பட்டது. ‘மூன்று மடங்கு கூடியது’, ‘மூன்று மடங்காகக் கூடியது’ என்று சீனத்தில் ஒரே ஒரு துணைச்சொல் வேறுபாடு. முன்னது நான்கு மடங்கு, பின்னது மூன்று. ஆசிரியர்களே இதில் தவறுவதுண்டு, அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘யீஷாங்’ அந்த எண்ணையும் உள்ளடக்கும், ஆகவே ‘60 யீஷாங்’ என்றால் 60ம் அதற்கு மேலும். ‘மூ’ ஹெக்டேரில் 15ல் ஒரு பங்கு, ஏறத்தாழ 667 சதுர மீட்டர். மூல அளவை வைத்து, முதல் முறை மட்டும் மாற்றுக் கணக்கைக் கொடுங்கள். பழைய ஊர்க் கணக்குகளில் மூ இடத்துக்கு இடம் வேறுபடும், அங்கே மாற்றாமல் விடுவதே நேர்மை.

காலத்தைக் குறிக்கும் சொற்களில் ‘ஜின்தாய்’, ‘ஷியான்தாய்’ இரண்டையும் ‘மாடர்ன்’ என்கிறோம். சீன வரலாற்றெழுத்தில் முன்னது 1840ல் தொடங்குவது, பின்னது வழக்கமாக 1919ல். 1949க்குப் பின் ‘தாங்தாய்’. ஆண்டையே எழுதிவிடுவது பாதுகாப்பு. மின்குவோ (சீனக் குடியரசு) ஆண்டோடு 1911ஐக் கூட்டுங்கள், மின்குவோ 26 என்றால் 1937. ‘ஷி யீ வு’ என்ற மூன்று எண்கள் தேதியல்ல, 2006 முதல் 2010 வரையான பதினோராம் ஐந்தாண்டுத் திட்டம். பழைய ஊராய்வுகளில் வயது, பிறந்ததும் ஒன்று என்று எண்ணும் முறையில் இருக்கலாம். திருமண வயது அட்டவணையில் அது ஓரிரு ஆண்டு வித்தியாசம் காட்டும்.

பின்யின் சொற்களை எவ்வளவு வைப்பது? ஹுகோ, தான்வெய், குவான்ஷி (தனிப்பட்ட தொடர்புகள்) போன்றவை ஆங்கில ஆய்வெழுத்தில் குடியேறிவிட்டன. மற்றவற்றில் வாதமே தங்கி நிற்கும் சொல்லுக்கு மட்டும் பின்யின் வையுங்கள். ஒரு கட்டுரையில் ஏழெட்டுக்கு மேல் போனால் வாசகர் நினைவில் வைக்கமாட்டார். ஓரிரு முறை மட்டும் வரும் சொல்லை வாக்கியத்துக்குள்ளேயே விளக்கிவிடலாம். அடிக்குறிப்பு, வாக்கியத்துக்குள் அடங்காத நிறுவன வரலாற்றுக்கு.

வேலை முறை. முதலில் கட்டுரை முழுவதையும், குறிப்புப் பட்டியலையும் சேர்த்து, ஒரு வரியும் பெயர்க்காமல் படியுங்கள். பிறகு சொற்பட்டியல்: சீனச் சொல், பின்யின், யார் சொல், முதலில் வந்த பக்கம், தேர்ந்த ஆங்கிலம், தள்ளிய ஆங்கிலம், ஏன். சராசரிக் கட்டுரைக்கு நாற்பது ஐம்பது பதிவு தேறும். ஆசிரியரின் முந்தைய கட்டுரைகளின் ஆங்கிலச் சுருக்கங்களைச் சீன ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் பாருங்கள். அந்த ஆங்கிலம் மோசமாக இருக்கலாம், ஆனால் தம் கருத்தாக்கத்துக்கு அவர் எந்தப் பெயரை விரும்புகிறார் என்று தெரியும். மேற்கோள் தேடலைப் பெயர்ப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். இறுதியில் செய்யலாமென்று விட்டால் அவசரத்தில் மறுபெயர்ப்புதான் நுழையும். பத்தாயிரம் சீன எழுத்து ஏறத்தாழ ஆறாயிரம் முதல் ஏழாயிரம் ஆங்கிலச் சொல்லாகும். இதழின் சொல் வரம்பை இப்போதே பாருங்கள். முதல் வரைவுக்குப் பின் எண் பார்வை, பிறகு சீனத்தை மூடி வைத்துவிட்டு ஆங்கிலத்தை மட்டும் ஒரு பார்வை. தடுக்கும் இடத்தில் மட்டும் சீனத்தைத் திறங்கள்.

இயந்திர வரைவை வைத்துத் தொடங்கினால் சரளத்தைக் கண்டு ஏமாறாமல் இருப்பதுதான் கடினம். ஒரே கருத்தாக்கத்துக்கு மூன்று பெயர், காணாமல்போன ‘ஓரளவுக்கு’, கற்பனையாக நிரப்பிய எழுவாய், ஒலிபெயர்ப்பில் உருமாறிய ஆய்வாளர் பெயர், இந்த நான்கையும் சொற்பட்டியலை வைத்துத் தேடுங்கள்.

ஆசிரியருக்குக் கேள்வி அனுப்பும்போது ‘இந்த வாக்கியம் புரியவில்லை’ என்று எழுதினால், பெரும்பாலும் அதே வாக்கியம் இன்னும் நீளமாகத் திரும்பி வரும். ‘இங்கே எழுவாய் கவுண்டி அரசா, கிராமக் குழுவா?’, ‘இது காரணமா, சமகால நிகழ்வா?’ என்று இரண்டு தெரிவு கொடுத்துக் கேளுங்கள். வாதத்தின் வரிசையை மாற்ற வேண்டும் என்று தோன்றினால், அல்லது இறுதியில் வரும் ‘அரசு செய்ய வேண்டியவை’ பகுதியைச் சுருக்கத் தோன்றினால், அது பதிப்பாசிரியரும் ஆசிரியரும் முடிவு செய்யும் விஷயம். மூலத்தின்படி ஒரு வரைவை முதலில் கொடுத்துவிட்டு யோசனையைத் தனியே எழுதுங்கள். கைப்பிரதியை இதழுக்கு அனுப்பும்போது சொற்பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். மொழித் திருத்துநர் சீனம் அறியாதவராக இருப்பார், இருபது முறை வந்த ஒரே சொல்லைக் கண்டு நடை நலத்துக்காகப் பத்தை மாற்றிவிடுவார். மெய்ப்பு வந்ததும் முதலில் தேட வேண்டியது அந்தப் பத்து இடங்களைத்தான்.